பூசணத்தை மறைத்த ஏழு காலண்டர்கள்

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்திருக்கிறது, அதனால்தான் எனக்கு மூச்சு இழுக்கிறது என்று சொல்லத்தான் நாக்கு எழாது. (தினமும் இரண்டு வேளை துடைக்கிற வீட்டில் பூசணமா!)

ஓசூரில் கம்பெனிகளை ஒட்டிய லைன் வீடு. மழை பெய்தால் சுவர் கறுக்கும். சுவர் கறுத்தால் என் நெஞ்சு விசில் அடிக்கும். "பூசணத் தூசு ஒத்துக்கலம்மா, செவுத்த சரி பண்ணுங்க" என்றார் டாக்டர். இழுப்புக்கு வாயில் வைத்து அழுத்த அவர் கொடுத்த பம்பைப் பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் என் மகள் செல்வியைப் பெண் பார்க்கத் தளியிலிருந்து வந்தார்கள். முன்னால் வந்த இரண்டு வரன்களை என் வாயாலேயே கெடுத்திருந்தேன். இதுவும் போனால் அவள் என்னோடு பேசமாட்டாள். சுவரைச் சரிசெய்ய நேரமில்லை. கடைகளில் கொடுத்த காலண்டர்களைத் தேடி எடுத்து, கறுப்பு தெரியாமல் ஏழு மாட்டினேன். சுவர் கோயில் மாதிரி ஆகிவிட்டது.

வந்தவர்கள் உட்கார்ந்ததும், "எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு சீக்கு கெடையாது" என்று ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல நேரம் பார்க்க எழுந்தார். ஒரு காலண்டரைக் கழற்றிக் கண்ணருகே பிடித்தார்.

"ஏம்மா, இது போன வருசத்துது."

அடுத்ததைக் கழற்றினார். அது அதற்கும் முந்தையது. (எனக்கு முருகனைத் தெரியும், வருசம் தெரியாது.) மனிதர் விடவில்லை, ஏழையும் கழற்றினார். கறுப்புப் பொடி கொட்டியது. எனக்கு இழுப்பு வந்து கண் பிதுங்கியது. செல்வி காபித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி, பருப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பம்பை எடுத்து வந்தாள். (அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.)

இரண்டு முறை இழுத்துவிட்டு நிமிர்ந்தால், மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சுவரையே பார்க்கிறார்கள். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா மெல்லச் சொன்னார்: "எதுக்கு சம்பந்தி இத்தன காலண்டரு? நாங்க எங்க வீட்டுக் கறுப்புக்குப் பீரோவ நகர்த்தி வெச்சுட்டோம்."

கல்யாணம் நடந்தது. வருசா வருசம் வெள்ளையடிக்கிறோம். அடுத்த மழைக்கு அது வந்துவிடுகிறது. எனக்கும் அலுத்துவிட்டது. பம்பை இப்போது டிவி மேலேயே வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

சண்டை வந்தால் செல்வி இன்றும் புருசனைக் கேட்பாள்: "என்னையா பாத்து சரின்னு சொன்ன? செவுத்தப் பாத்து சொன்ன ஆளுதான நீ!"

"ஆமா," என்பார் மாப்பிள்ளை. "அது எதுத்துப் பேசலியே!"