காலி செய்யச் சொல்லாத கடிதங்கள்

"எல்லாம் சரி, இதுல 'வீட்டைக் காலி பண்ணுங்க'ன்னு எங்கே இருக்கு?" மனைவி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்திலும் இல்லை.

"அதை எழுதினா நோட்டீஸ். எழுதாமப் புரியவைக்கறதுதான் எழுத்து," என்றார் விளம்பரக்காரர்.

'வாங்குங்கள்' என்று சொல்லாமலே சோப்பையும் பெயிண்டையும் வாங்கவைப்பது அவர் பிழைப்பு. சாயங்காலம் வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. ஆனால் மாதக் கடைசியில் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். கீழே இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. மாடியில் குடியிருக்கிற தம்பதி கிளம்பினால்தான் விமோசனம்.

"அவங்க போகலைன்னா ரூம் எங்களுக்கு, சோபா உங்களுக்கு," என்றாள் மனைவி. அந்த சோபாவில் உட்கார்ந்தாலே அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

முதல் கடிதம் புகழ்ச்சி. 'உங்களைப் போன்றவர்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு கொடுத்துவைத்தது.' 'போனாலும்' என்ற இடத்தில்தான் விஷயமே இருந்தது.

கொடுக்கப் போனபோது கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு சாமான் வண்டி நின்றது.

"ஏம்ப்பா, நிறுத்த உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"இல்ல சார், மாடியில..."

"முதல்ல எடுப்பா வண்டியை!"

கடிதத்தைப் படித்த மாடிக்காரருக்குக் கண் கலங்கியது. "நாங்களும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தோம்... வேணாம் சார், இதுக்கப்புறம் அதைச் சொல்ல வாய் வருமா?"

மறுநாள் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர்கள் சுவரில் தொங்கியது.

அடுத்தது உருக்கம். பச்சைக் குழந்தை, இட நெருக்கடி, தாத்தாவின் முதுகுவலி எல்லாம் வரிக்கு வரி பிழிந்தெடுத்து எழுதினார். கேட்டில் மறுபடி அதே வண்டி. மறுபடி சத்தம் போட்டார். வண்டிக்காரர் மாடியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பீடியை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று இரவே மாடிக்கார அம்மாள் இறங்கி வந்தாள். "குழந்தை எங்ககிட்டயே தூங்கட்டும்க்கா. தொட்டில் கட்டக் கொக்கி மாட்டியாச்சு."

"நல்லா உருக்கினீங்க," என்றாள் மனைவி, அவள் போனதும். "இப்ப கொக்கி வேற."

மூன்றாவது பயமுறுத்தல். சுவரில் விரிசல், கூரையில் கசிவு, உயிருக்கு யார் உத்தரவாதம்? கடைசி வரியில் ஒரு கேள்வி: 'இன்னும் எத்தனை நாள்?'

மாடிக்காரரே விரிசலைப் பூசிவிட்டு, கையெல்லாம் சிமெண்டோடு வந்து நின்றார். "உள்ளதை இப்படி ஒளிக்காமச் சொல்ற ஓனர் எங்க சார் கிடைப்பாங்க? எத்தனை நாள்னு கேட்டீங்களே, கடைசி வரைக்கும்!"

விளம்பரக்காரர் சோபாவில் சரிந்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

"நாளைக்குப் பொழுது விடிஞ்சா மக வந்து நிப்பா," என்றாள் மனைவி. "இன்னும் என்ன வச்சிருக்கீங்க? கிண்டலா, கவிதையா?"

"ஒண்ணும் இல்லடி. சரக்கு தீந்துபோச்சு."

ஒரு துண்டுக் காகிதத்தில் 'வீட்டைக் காலி செய்யவும்' என்று மட்டும் எழுதினார். அவர் பிழைப்பில் இவ்வளவு மோசமாக எதையும் எழுதியதில்லை. கூசிக்கொண்டே எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கேட்டில் அதே வண்டி. சத்தம் போடக்கூடத் தெம்பில்லை. ஓரமாக நுழையப் பார்த்தவரின் கையிலிருந்த காகிதத்தைக் கண்டதும் வண்டிக்காரர் பதறி இறங்கி, கும்பிட்டார்.

"சார், புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒரு நாள் கடிதாசி குடுக்காதீங்க! அவங்க மனசைக் கல்லாக்கிக்கிட்டு, காலி பண்றேன்னு மூட்டை கட்டிட்டு என்னைக் கூப்பிடறப்பல்லாம் நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்துடறீங்க, அதைப் படிச்சிட்டு 'இந்த மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது'ன்னு மூட்டையை அவுத்துடறாங்க!"