ஐந்து எண் வாத்தியார்

தேனியிலிருந்து கூடலூர் வரை, பத்து கம்ப்யூட்டரும் ஒரு ஏசியும் உள்ள அறைகளிலெல்லாம் தவறாமல் காணக்கிடைக்கும் ஓர் இனத்தை உங்களுக்குக் காட்டுகிறேன்: ரெக்கார்டு நோட்டு வாத்தியார். ஏசிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு, பையில் சிவப்புப் பேனா செருகி, தன் வாத்தியார் என்றோ எழுதிப்போட்ட புரோகிராமை ஒரு புள்ளி பிசகாமல் பலகையில் இறக்கி, பிள்ளைகள் அதை நோட்டில் இறக்குவதைக் கண்காணிப்பவர். கீபோர்டைத் தொடமாட்டார். எதற்குத் தொட வேண்டும்?

கம்பத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவர் உண்டு. பெயர் லிங்கேஸ்வரன். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் புரோகிராம் அவருக்குக் குலச்சொத்து. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டுப் பெரியதைப் பின்னே தள்ளவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவருடையது ஐந்து எண்களோடு நின்றுவிடும். ஆறாவது எண் என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவரிடம் படிக்கும் சுருளிப்பட்டி அனுஷ்காவுக்கு அந்த ஐந்து உறுத்தியது. கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருந்தது. இந்த பிராக்டிகலில் தேறினால்தான் அது நிலைக்கும். எத்தனை எண் வந்தாலும் அடுக்குகிற மாதிரி நோட்டில் எழுதிக் காட்டினாள்.

"ஏத்தா, பதினோரு வருசமா எல்லாரும் அஞ்சுலதான் பாஸாகிப் போனாக. ஒனக்கு மட்டும் பத்தலையாக்கும்?"

"ஒருக்கா ஓட்டிப் பாருங்க சார்."

"ஓட்டிப் பாக்க இதென்ன ஜீப்பா?"

பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

தேர்வன்று பெரியகுளத்திலிருந்து தேர்வாளராக வந்த ஜெபமணி மேடம் பலகையில் எழுதினார்: 31, 8, 54, 19, 2, 40, 11. ஏழு எண்கள். ஏசிக்கடியிலேயே சாருக்கு வியர்த்தது. நோட்டில் உள்ள ஐந்து எண் புரோகிராமையே எழுது என்று அனுஷ்காவைக் கண்ணால் மிரட்டினார். மற்றவர்கள் திரையில் முதல் ஐந்தும் ஒழுங்காக நிற்க, 40ம் 11ம் வாலாகத் தொங்கின. அனுஷ்கா சாரைப் பார்த்தாள், கோடு விழுந்த பக்கத்தைப் பார்த்தாள், கோட்டுக்கு அடியில் இருந்ததையே கீபோர்டில் தட்டினாள். திரையில் வந்தது: 2, 8, 11, 19, 31, 40, 54.

"யாரு சொல்லிக் குடுத்தாக?" என்றார் மேடம்.

அவள் வாய் திறப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். "நாந்தான் மேடம். நம்ம வளப்பு."

மேடம் நோட்டைப் புரட்டினார். "அப்ப இந்தக் கோடு?"

"திருத்துனதுக்கு அடையாளம் வேணும்ல மேடம். செவப்பு இல்லாட்டி ஆபீஸ்ல கேப்பாக."

மேடம் அந்தப் பேனாவையே கேட்டு வாங்கி, அனுஷ்காவுக்கு முழு மார்க் போட்டார். மற்றவர்களுக்காக, "கடைசி ரெண்டு நம்பரும் சிலபஸ்ல இல்ல மேடம்" என்று சார் வாதாடிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி. அனுஷ்காவின் ஏழு எண்களை அடுக்கிச் சொன்னேனே, ஒன்றையாவது சரிபார்த்தீர்களா? நான் சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்கள். சாரும் இப்படித்தான் ஆரம்பித்தார்.