லொறி ஞாயிற்றுக்கிழமை வரட்டும்

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் நடராஜா எழுதிக்கொள்வது. எம்பிலிப்பிட்டியில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், கடை வியாபாரமும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்தப் பாடசாலை மண்டபத்தில் நான் போனை எடுத்து "ஹலோ" சொன்னாலே ஆறு குடும்பமும் "யாராம்?" என்று கேட்கிறது.

மண்சரிவில் நம் தோட்டத்து லய வீடுகள் போன அன்று உயிரோடு வெளியே வந்ததே பெரிது. ஆனால் வந்தவர்கள் கண்ட இடத்தில் படுத்தார்களா என்றால் இல்லை. லயத்தில் குடும்பத்துக்கொரு அறையாகக் காம்பராக்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இங்கும் பாயை விரித்துவிட்டார்கள். முதலாம் காம்பரா மேடைப் பக்கம். மூன்றாவதில் கிறேஸும் அவள் புருஷன் ஞானப்பிரகாசமும், நாலாவது இருளாயி அக்காவுக்கு, ஐந்தாவதில் நாங்கள். நம் மகள் தனுஷிகா சும்மா இருக்காமல் வெண்கட்டியால் தரையில் கோடு போட்டு, வீட்டுக்கு வீடு வாசலுக்கும் இடம் விட்டுக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது சனி. பக்கத்துப் பாயில் கொஞ்சம் சீனி கேட்க வேண்டுமென்றால் கையை நீட்டக் கூடாதாம். எழுந்து சுற்றிப் போய், கோடு விட்டிருக்கும் இடத்தில் நின்று, "அக்கா, உள்ள வரலாமாங்க?" என்று கேட்க வேண்டுமாம். போன கிழமை ஆள் எண்ண வந்த கிராம சேவகர், பாவம், விஷயம் தெரியாமல் கோட்டைத் தாண்டி நேரே வந்துவிட்டார். உங்கள் தங்கை பரிமளம் எழுந்து நின்று, "மாத்தயா, செவுத்துக்குள்ளாற ஏன் வாறீங்க? வாசல் அந்தப் பக்கம் இருக்கில்ல!" என்றாள். அந்த மனுஷன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தார்.

ஞானப்பிரகாசத்தின் குறட்டையைப் பற்றி எழுதினால் தாள் போதாது. லயத்தில் அதில் பாதியைச் சுவர் வாங்கிக்கொண்டது என்பது இப்போதுதான் புரிகிறது. மூன்று வேளையும் பருப்பு. யாரோ புண்ணியவான் கொடுத்த உடுப்பு மூட்டையில் எனக்குக் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட். மழைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றால் பெரிய அதிகாரி என்று நினைத்து ஆட்கள் என்னிடம் கக்கூஸ் நிரம்பியதைப் பற்றி முறைப்பாடு செய்கிறார்கள். நானும் "பார்ப்போம்" என்று சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கைக்கும் கிறேஸுக்கும் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் இருளாயி அக்காவின் இடம் காலி. மண் சரிந்த அன்று கோழியைப் பிடிக்கத் திரும்பி ஓடி, கால் முறிந்து, அக்கா கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அந்த இடத்தைப் பாதி இவள் கூட்டுகிறாள், பாதி அவள் கூட்டுகிறாள். நடுவில் விளக்குமாறு முட்டிக்கொண்டால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்புகிறார்கள். வேறு தோட்டத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சும்மா கிடக்கும் இடத்தைக் கொடுங்கள் என்று கிராம சேவகர் கேட்டார். பரிமளம், "சும்மா இல்லீங்களே, ஆள் இருக்கே" என்று மேசைக்காலில் கட்டிக் கிடந்த அக்காவின் கோழியைக் காட்டினாள். அவர் சிரித்தார். ஆனால் சனிக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருக்கிறார். அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இங்கே இடமில்லை என்றால் எங்கோ ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லைதான்.

அதற்காக நீங்கள் எங்களுக்குத் தருவதாகச் சொன்ன மாடி அறையை வேண்டாம் என்பதா? நீங்கள் கூப்பிட்டதைச் சொன்னால் பரிமளம், "நான் எந்திரிச்சு வந்துட்டா அக்காவுக்கு ஒரு பக்கம் செவுரே இருக்காதுங்க" என்கிறாள். கல்லும் மண்ணும் இல்லாத சுவர், மச்சான்! நீங்கள் லொறியை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அனுப்பிவிடுங்கள். தங்கை அழுதால் கண்டுகொள்ள வேண்டாம். இந்த மண்டபத்தில் மனுஷன் இருக்க முடியாது.

பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். அம்மன் உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
ஐந்தாம் காம்பரா நடராஜா

பி.கு: ஒட்டிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இன்று மத்தியானம் இருளாயி அக்காவைக் கொண்டுவந்து விட்டார்கள். காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகட்டை. மண்டபத்துக்குள் வந்து நின்று பார்த்தார். பிறகு மேடைப் பக்கத்திலிருந்து விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து, நாலாவது வாசல் வழியாகச் சரியாக உள்ளே போனார். பாயில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "ஏ கிறேஸு, ஒம் பாயி எங்க வீட்டுக்குள்ள ஒரு சாண் வந்துருச்சு" என்பதுதான். கிறேஸ் அழுதுகொண்டே பாயை இழுத்தாள். பரிமளம் எழுந்து, சுற்றிக்கொண்டு போய், கிறேஸின் வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் வார்த்தை அது. அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, பக்கத்து வீட்டுல நீங்கதானே இருக்கீங்க?" என்றார். "ஆமாங்கக்கா, நாங்க எங்க போகப் போறோம்" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

லொறி வேண்டாம், மச்சான். நீங்கள் மட்டும் ஒரு நாள் வந்து போங்கள். வரும்போது வாசல் வழியாக வாருங்கள்.