வேதமுத்து சாரின் ஃபோல்டர் விசாரணைக் குழு

கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில், ஒரு கம்ப்யூட்டர் ஃபோல்டர் திறக்க நேரமெடுத்தது. இதை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படி நினைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம்.

ஃபோல்டர், எங்கள் சங்கத் தலைவர் வேதமுத்து சாருடையது. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை. "வந்த தபாலை அழிக்க நமக்கு அதிகாரம் இல்லை" என்பார். ரோஜாப்பூ, காபி டம்ளர், வேத வசனம், மூட்டுவலிக்கு முடக்கத்தான், எல்லாமே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் போய்ச் சேரும்.

அதே ஃபோல்டரில்தான் அவர் மனைவி சாராள் அம்மாவின் கல்யாண போட்டோவும் கிடந்தது. ஆல்பத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மகன் ஆன்டோ அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்ததால் அந்த ஒரு படம் தப்பியது. வரும் ஞாயிறு நாற்பதாவது கல்யாண நாள். சர்ச் வாசலில் பேனர் வைக்க வேண்டும். நம்ம ஏரியாவில் பேனர் இல்லாமல் காதுகுத்துகூடச் செல்லாது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் படம் வந்தால்தான் அச்சு என்று ஃப்ளெக்ஸ் கடை கஜபதி கறாராகச் சொல்லிவிட்டார்.

சார் ஃபோல்டரைத் திறந்தார். மேலே பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து பாதி தூரம் வந்தது. உடனே மூடிவிட்டு, மறுபடி திறந்தார்.

"ஏன் சார் மூடுறீங்க? வந்துகினுதானே இருந்துச்சு?" என்றேன்.

"இது முதல் நினைவூட்டல், வரதன். நினைவூட்டாமல் எந்த வேலையும் நகராது."

கோடு பாவம், ஆரம்பத்திலிருந்து புறப்பட்டது. சார் இரண்டாம் நினைவூட்டல் கொடுத்தார். பிறகு மூன்றாவது. பிறகு விசாரணைக் குழு அமைத்தார்.

குழுவில் நான் இருந்தேன். சங்கத்தின் மற்ற பெருந்தலைகளும் இருந்தார்கள். தொழில்நுட்ப ஆலோசகர், இரண்டாம் மாடி கிஷோர். அம்பத்தூர் ஐ.டி. கம்பெனியில் வேலை.

"தம்பி, நீயே கொஞ்சம் பாரேன்ப்பா" என்றார் சாராள் அம்மா.

"ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் நின்னா கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுவோம், வேற டீம் வந்து பாக்கும். நான் புராசஸ் சொல்றேன். தினமும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங். எல்லாரும் நின்னுக்கிட்டே பேசணும். இப்போ அதான் டிரெண்டு."

சாருக்கு உடனே பிடித்துப்போனது. "அருமையான முறை. எங்கள் அலுவலகத்தில் பொதுமக்களை அப்படித்தான் வைத்திருந்தோம்."

தினமும் நின்றோம். தாமதம் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தோம். நின்றதற்கு ஆதாரமாக ஆளாளுக்கு செல்ஃபி எடுத்து சாருக்கு அனுப்பினோம். சார் அவற்றைப் பத்திரமாக அதே ஃபோல்டரில் சேர்த்தார். பச்சைக் கோடு முன்னைவிட மெதுவாக நகர்ந்தது. நிலைமை தீவிரமடைவதால் குழுவின் காலம் நீட்டிக்கப்பட்டது.

சனிக்கிழமை மத்தியானம் சாராள் அம்மா அழுதேவிட்டார். "அந்தப் போட்டோல எங்கப்பா பின்னாடி நிக்கிறாருங்க. அவர் மூஞ்சியப் பாக்க எனக்கு வேற படம் கிடையாது. நீங்க நின்னு நின்னு என்னத்தக் கிழிச்சீங்க?" என்று சொல்லி, ஆன்டோவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணு. கடைசில பிராப்பர்ட்டீஸ். அதுல கஸ்டமைஸ். பிக்சர்ஸ்னு இருக்கிறத ஜெனரல் ஐட்டம்ஸ்னு மாத்து. கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமா எடுத்துப் பாத்து, குட்டி குட்டியா போட்டுக் காட்டப் பாக்குது. அதான் லேட்டு. அப்பாவ குறுக்க மூடாம இருக்கச் சொல்லு."

"ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் என்ன தவறு?" சார் கொதித்தார். "பரிசீலிக்காமல் எதையாவது வெளியே அனுப்ப முடியுமா? மேலும், குழு இன்னும் பரிந்துரையே வழங்கவில்லை!"

சாராள் அம்மா மாற்றிவிட்டு அழுத்தினார். சட்டென்று திறந்தது. கல்யாணப் படமும் கிடைத்தது. சார் நாற்காலியில் சாய்ந்து, "இவ்வளவு வேகமாகத் திறந்தால் எவன் மதிப்பான்?" என்றார்.

இருந்தாலும் குழுவின் அயராத பணியைப் பதிவு செய்தாக வேண்டுமே. பேனரில் குழுவினர் படமும் இடம்பெறும் என்று ஏகமனதாக முடிவானது. கிஷோர் கூலிங்கிளாஸ் போட்ட படம் அனுப்பினான். நானும் அனுப்பினேன். கேட்டார்கள், கொடுத்தேன்.

கஜபதி போன் செய்தார். "இன்னா சார் இது? மூஞ்சி மூஞ்சியா வந்துகினே கீது. கண்ணாலப் பொண்ணு மாப்ளய எங்க சார் வெக்கறது?"

"இடமிருக்கும் இடத்தில் வையுங்கள்" என்றார் மாப்பிள்ளை.

ஞாயிறு காலை பேனர் எழும்பி நின்றது. 'தாமதம் தகர்த்த தன்னலமற்ற குழுவினருக்கு நன்றி!' ஆராதனை முடிந்து வந்தவர்கள் எங்கள் கையைக் குலுக்கினார்கள். சாராள் அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுத் தேடினார். கடைசியில் குனிந்தார். கீழ் மூலையில், கஜபதியின் கடை நம்பருக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே கடுகளவில் அவர் அப்பா.

சாராள் அம்மா பேனரைக் கழற்றச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த மூலையை மட்டும் கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எங்களிடம் நீட்டினார்.

"தண்ணி மோட்டாரு மழையில நனையுது. இத மேல போத்திடுங்க."

எங்களுக்கு மனசு வலித்தது. வலிக்காதா? அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். எல்லாரும் வந்தோம், எல்லாரும் நின்றோம். பொருள் ஒன்றே ஒன்றுதான்: மோட்டாரைப் போர்த்தும்போது, தெருவைப் பார்க்கிற பக்கம் யார் முகம் வர வேண்டும்? கிஷோர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அநியாயம். நேற்று சாருக்கு இரண்டாவது நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன்.