உயிர் கொடுக்க ஆள் தேவை

ஒரு காட்டைப் புலி ஒன்று ஆண்டுவந்தது. சிங்கம் எங்கே என்று கேட்க வேண்டாம். நம் பக்கத்துக் காட்டில் சிங்கம் கிடையாது.

அந்தப் புலிக்கும் மலைக்கு அந்தப் பக்கத்துப் புலிக்கும் ஒரு குட்டைக்காகத் தகராறு. முன்பெல்லாம் நேரில் கடித்துக்கொண்டார்கள். இப்போது இரண்டுக்கும் வயதாகிவிட்டது. முட்டி வலி. அதனால் நாகரிகமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு காட்டிலிருந்தும் நாலு நாலு பேர் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட வேண்டும். ஜெயித்த காட்டுக்குக் குட்டை.

கம்ப்யூட்டருக்கு எங்கே போனார்கள்? மூடிப்போன ரிசார்ட் ஒன்று இருந்தது. அதன் ஹாலில் விட்டுவிட்டுப் போனவை நாலு. மரம் மாதிரிப் பச்சைப் பெயிண்ட் அடித்த டவர் ஒன்று சிக்னல் கொடுத்தது. கரண்ட் சோலாரில். மலைக்கு அந்தப் பக்கமும் இதே ஏற்பாடு. போதுமா? மான் குளம்பால் மவுஸை எப்படிப் பிடித்தது என்று கேட்கிற ஆள் இப்போதே எழுந்து போகலாம். பேசுகிற மானை ஒப்புக்கொண்டவர் இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புலி நாலு பேரைப் பொறுக்கியது. நல்லசிவம் என்ற நரி, அவன்தான் கேப்டன். மொக்கையன் என்ற கரடி. சிங்காரம் என்ற மயில். செவந்தி என்ற மான்.

"ஜெயிச்சா எல்லாருக்கும் தண்ணி. தோத்தா, பாயிண்ட்ல கடைசியா இருக்கிறவர் என் சாப்பாட்டுக்கு வரணும்" என்றது புலி.

"சந்தோஷம் தலைவரே. விருந்தா?" என்றான் கரடி.

"ஆமா. விருந்துக்கு வர வேண்டாம். விருந்தா வந்தா போதும்."

கரடிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மானுக்கு உடனே புரிந்தது. அவள் குடும்பத்தில் அந்தப் பேச்சு புதிதில்லை.

புலி அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு நேராக மானின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. "நீங்க விளையாடுங்க. நான் சும்மா பாக்குறேன்." அதன் மூச்சு மானின் பிடரியில் பட்டது. மூச்சில் நேற்றைய சாப்பாட்டு வாசனை.

ஆட்டம் திறந்தது. எந்த மொழி என்று கேட்டது. மயில் தமிழைத் தட்டிவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பம். யாரோ மெஷினை விட்டு மொழிபெயர்த்த தமிழ் அது.

"உன் வகுப்பைத் தேர்ந்தெடு" என்று திரையில் வந்தது.

"நான் ரெண்டாவதோட நின்னுட்டேனே" என்றான் கரடி.

"அந்த வகுப்பு இல்லடா, மண்டு."

"வேற எந்த வகுப்பு? சர்டிபிகேட் எல்லாம் நம்மகிட்ட ஏது?"

"என்ன வேலை பாக்கப் போறேன்னு கேக்குதுடா. வாயை மூடிட்டு படத்தைப் பாரு" என்றான் நரி.

நாலு படம் இருந்தது. கேடயர் என்று ஒன்று. பெரிய இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் எல்லா அடியையும் வாங்க வேண்டும். வெடியர் என்று ஒன்று. கிட்டே போய்க் குண்டு வீச வேண்டும். தூரச்சுடுநர் என்று ஒன்று. மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு தொலைவில் போகிறவனைச் சுடலாம், இவனை யாருக்கும் தெரியாது. நாலாவது மருத்துவர். கையில் துப்பாக்கி கிடையாது. ஒரு பை. கீழே ஒரு வரி: "தோழருக்கு உயிர் கொடுப்பவர்."

நரி யோசிக்கவே இல்லை. "நான் தூரச்சுடுநர். கேப்டன்னா தூரத்துலதான் இருக்கணும்."

"நானும் அதுதான்" என்றான் கரடி.

"உனக்குப் பக்கத்துல இருக்கிற ஆளே தெரியாது. நீ தூரத்துல சுடப்போறியா?"

"பக்கத்துல தெரியாததாலதாண்ணே தூரத்துக்குப் போறேன்."

மயில் அந்தப் படத்தை முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்தான். பச்சையில் நீளமான உடுப்பு. பின்னால் இலைதழை தொங்கியது. காற்றில் ஆடியது. "இதை எனக்குன்னே தைச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தட்டினான்.

மானும் அதையே தட்டப் போனாள். திரை சிவந்தது. "மருத்துவர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது."

மூன்று பேரும் மறுபடி அந்த வரியைப் படித்தார்கள். தோழருக்கு உயிர் கொடுப்பவர். படித்துவிட்டு மூன்று பேரும் மானைப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"செவந்தி, நீ தப்பா நினைக்காதே. உயிர் கொடுக்கிறதுன்னா அதுக்குன்னு ஒரு பழக்கம் வேணும்" என்றான் நரி.

"எங்கம்மா கொடுத்தா. பெரியம்மா கொடுத்தா. சித்தி ரெண்டு குட்டியோட கொடுத்தா. நானும் கொடுக்கணுமா?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல, தாயி" என்றான் கரடி. கிண்டல் இல்லை. அவன் உண்மையாகவே அப்படி நினைத்தான்.

பின்னால் புலி கனைத்தது. மான் மருத்துவரைத் தட்டினாள்.

அவள் கணக்கு எளிது. ஒரு ஆளைச் சுட்டால் பத்து பாயிண்ட். சுடப்பட்டு விழுந்தால் ஐந்து போய்விடும். துப்பாக்கியே இல்லாதவளுக்குப் பத்து எங்கிருந்து வரும்? இதில் தோழருக்கு உயிரை வேறு கொடுக்க வேண்டுமாம். கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்தாள். எங்கேயாவது ஒளிந்துகொள்வது. ஐந்து பாயிண்ட் போகாமலாவது இருக்கும்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஊர் நடுவில் ஒரு மேடை. அதில் யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நம்முடைய மூன்று தூரச்சுடுநர்களும் ஒரே தண்ணித்தொட்டி மேல் ஏறி வரிசையாகப் படுத்தார்கள்.

"யாராவது போய் மேடையில நில்லுங்கடா" என்றான் நரி.

"நீங்க போங்கண்ணே, நாங்க மேலேர்ந்து பாத்துக்கிறோம்" என்றான் மயில்.

"நான் கேப்டன்."

"அப்ப நீங்கதான் முன்னாடி போகணும்."

யாரும் போகவில்லை. மான் தொட்டிக்குக் கீழே படிக்கட்டு இடுக்கில் ஒண்டிக்கொண்டாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. எதிர்க்காட்டு ஆட்கள் வெட்டவெளியில் ஓடிவந்தார்கள். நரி ஒருவனைச் சுட்டான். மயில் ஒருவனைச் சுட்டான். கரடி ஒரு தெருவிளக்கைக் குறி வைத்தான், குண்டு தெறித்து ஒருவன் மேல் பட்டது. ஆளுக்குப் பத்து. மானுக்கு முட்டை.

புலி அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்தது. "நீ சைவமா மேஞ்சிருக்கே. கறி நல்லாருக்கும்" என்றது அன்பாக.

அப்போது எதிர்க்காட்டு முள்ளம்பன்றி ஒரு குண்டை வீசினான். தண்ணித்தொட்டி மேல் சரியாக வந்து விழுந்தது. ஒரே இடத்தில் மூன்று பேரும் படுத்திருந்தால் ஒரு குண்டு போதாதா? மூன்று பேரும் விழுந்தார்கள். ஆளுக்கு ஐந்து போயிற்று. ஆனாலும் ஐந்து பாக்கி இருந்தது. மானுக்கு இன்னும் முட்டைதான்.

பக்கத்து நாற்காலிகளிலிருந்து மூன்று பேரும் கத்தினார்கள். "செவந்தி! உயிர் கொடு! உயிர் கொடு!"

"கொடுக்க மாட்டேன்."

"மேலே வந்து பட்டனைத் தட்டு! உயிர் கொடுன்னு போட்டிருக்கான் பாரு!"

"ஏற்கெனவே மூணு போயாச்சு. நாலாவதா என்னுது எதுக்கு? உங்களுக்குத் துணைக்கா?"

"ஏய், உன் உயிரைக் கேக்கல! எங்க உயிரைக் கேக்குறோம்!"

"உங்க உயிர் என்கிட்ட எப்படி இருக்கும்?"

நியாயமான கேள்வி. மூன்று பேரும் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். அந்தக் கூச்சலில் மானின் குளம்பு எதை எதையோ தட்டிவிட்டது. திரையில் அவள் ஆள் தானாகப் படியேறிவிட்டது. கரடி கிடந்த இடத்தில் நின்றது. குளம்பு வழுக்கிப் பட்டன் மேல் விழுந்தது. மான் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது அவள் சாகவில்லை. கரடி எழுந்து நின்றான். அவள் பெயருக்குப் பக்கத்தில் இருபது என்று வந்தது.

"தெய்வம் தாயி நீ" என்றான் கரடி. சொல்லி முடிப்பதற்குள் எதிரி மறுபடி சுட்டான். கரடி மறுபடி விழுந்தான்.

மான் மறுபடி தட்டினாள். இன்னொரு இருபது.

பின்னால் புலியின் மூச்சு ஒரு நொடி நின்றது.

மானுக்கு இப்போது புரிந்தது. ஒருவனைக் கொன்றால் பத்து. ஒருவனைப் பிழைக்க வைத்தால் இருபது. ஆனால் பிழைக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் அவன் சாக வேண்டும். உயிரோடு இருக்கிறவனால் அவளுக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது.

"மொக்கையண்ணே, அந்தப் பக்கம் யாரோ வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்."

கரடி எட்டிப் பார்த்தான். விழுந்தான். இருபது.

"இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் வெளியே தலையை நீட்டிப் பாருங்க."

நீட்டினான். இருபது.

"எத்தனை தடவை எழுப்புறா பாரு! பெத்த தாய்கூட இப்படிப் பாக்க மாட்டா" என்று கரடி கண் கலங்கினான். ஒவ்வொரு தடவை விழும்போதும் அவனுக்கு ஐந்து போய்க்கொண்டிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. நன்றி சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

மயிலையும் எழுப்பினாள். வெயில் படுகிற இடத்தில், எதிரிக்கு நேராக. "இங்க நின்னா உங்க உடுப்பு நல்லாத் தெரியும்ணே." மயில் நின்றான். நன்றாகத் தெரிந்தது. எதிரிக்கும் தெரிந்தது.

நரிக்கு மட்டும் ஏதோ உறைத்தது. "செவந்தி, என்னை அந்தச் செவத்துக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போய் எழுப்பு."

"இங்கதான்ணே மருந்து வேலை செய்யும்."

"இங்க எழுந்தா உடனே சுடுவான்."

"சுட்டா என்ன? நான் இருக்கேன்ல."

நரி பாயிண்டைப் பார்த்தான். மான் எங்கேயோ உச்சத்தில் இருந்தாள். மற்ற மூன்று பேரும் சைபருக்குக் கீழே. நரி அடுத்த தடவை விழுந்ததும் "எனக்கு உயிர் வேணாம், என்னைத் தொடாதே" என்று கத்தினான். தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆள் ஆரம்பித்த இடத்திலேயே புதிதாக முளைக்கும். முளைக்கும்போது வகுப்பை மாற்றிக்கொள்ளலாம். நரி மருத்துவராக முளைத்தான்.

ஓடி வந்து கரடியின் காதில் சொன்னான். கரடிக்கு நன்றியுணர்ச்சி உண்டு, ஆனால் பிடரியில் புலியும் உண்டு. அவனும் முளைத்து மருத்துவரானான்.

"சிங்காரம், நீயும் மாறுறியா?" என்று கேட்டதற்கு மயில் மருத்துவர் படத்தைப் பார்த்தான். தொளதொள வெள்ளைக் கோட்டு. தோகையை உள்ளே மடித்துத்தான் போட வேண்டும். "செத்தாலும் இதைப் போட மாட்டேன்" என்றான்.

அப்புறம் நடந்ததைப் பார்த்து எதிர்க்காட்டுக்காரர்களே சுடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நோயாளி ஒன்று, டாக்டர் மூன்று. மயில் விழுந்தால் மூன்று பையும் ஓடும்.

"நான்தான் முதல்ல வந்தேன்!"

"என் பேஷண்ட்டுடா, கையை எடு!"

"நீங்க படிச்சது ரெண்டாவதுண்ணே, தள்ளுங்க!"

எதிரி சுடாவிட்டால் இவர்களுக்குப் பொறுக்கவில்லை. மூன்று பேரும் மயிலைக் கைத்தாங்கலாகத் தொட்டி விளிம்புக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தார்கள். மயிலுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னைச் சுத்தி மூணு டாக்டர்! எந்த மயிலுக்குக் கிடைச்சிருக்கு?" என்று தோகையை விரித்தான். அவ்வளவு பெரிய குறி கிடைத்தால் எதிரி என்ன செய்வான்? சுட்டான்.

மேடையை எல்லாரும் மறந்துபோனார்கள். எதிர்க்காட்டு ஆள் ஒருவன் அதில் ஏறி, உட்கார்ந்து, காலாட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தது. குட்டை போயிற்று.

புலி எழுந்தது. தோற்றதற்காக அது வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. திரையைப் பார்த்தது. மேலே செவந்தி. அப்புறம் நரி. அப்புறம் கரடி. தரைக்கும் கீழே சிங்காரம்.

"மான்தான் முதலா? நல்லாப் பாத்தீங்களா?" என்றது புலி. குரலில் துக்கம்.

"ஆமா தலைவரே" என்றான் நரி, கொஞ்சம் வருத்தமாகவே.

"விதி விதிதான். வா சிங்காரம்."

"தலைவரே! இன்னிக்கு அதிகமா உழைச்சது நான்! எத்தனை தடவை செத்திருக்கேன்!" என்று மயில் அலறினான்.

"இன்னும் ஒரு தடவைதான்."

நரிக்கு ஒரு யோசனை. "தலைவரே, அது தேசியப் பறவை. பின்னாடி பிரச்சினை வரும்."

"நான் தேசிய விலங்கு. எங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கிறோம்" என்றது புலி. கழுத்தைப் பிடித்தது.

"செவந்தி! உயிர் கொடு! உயிர் கொடு, செவந்தி!"

மான் பழக்கதோஷத்தில் குளம்பைத் தூக்கிவிட்டாள். அப்புறம் இறக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. கம்ப்யூட்டருக்கு வெளியே அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்."

நீதி: உயிர் கொடுக்கிற வேலையில் போய்ச் சேர்ந்துகொள். உயிர் விடுகிற வேலைக்கு உடுப்பு அழகாக இருந்தால் போதும், ஆள் தானாக வரும்.