எதிர்க்கரைக் கைதட்டல்

ஒரு லீக் பிழைக்க மைதானமும் கோப்பையும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரரும் போதாது. அது தோற்றால் வயிறெரிய நாலு பேராவது வேண்டும். இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது நான் பெற்ற லீக்குக்குக் காரியமே முடிந்திருந்தது.

மட்டக்களப்பில் உதைபந்தாட்டம் என்றால் ஊருக்கு ஊர் சண்டை. (மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டே விசில் ஊதிய நடுவர்கள் உண்டு.) அதை ஒழிக்க மூளையைக் கசக்கினேன். எல்லா ஊர்ப் பொடியன்களையும் சீட்டுக் குலுக்கிக் கலந்து, புயல், மின்னல் என்று அணிகளுக்குப் பெயர் வைத்தேன். சண்டை ஒழிந்தது. கூடவே சனமும் ஒழிந்தது.

இறுதியாட்டம் மண்டூருக்கு எதிரே, வாவியின் இக்கரையில். ஏறாவூரிலிருந்து துணி வியாபாரி ஹாஜியார் ஒருவர் வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லீக்கைத் தான் பொறுப்பேற்பதா என்று முடிவு சொல்வதாக ஏற்பாடு. இதற்காக இருந்த வேலையையும் விட்டிருந்தேன். மனைவிகூடத் தலையிடி என்று வரவில்லை. ஆட்டம் தொடங்கியபோது வெறும் பிளாஸ்டிக் கதிரைகள்தான் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் சும்மா இருப்பேனா? போனிலிருந்த கைதட்டல் ஓசையை ஒலிபெருக்கியில் போட்டேன். ஹாஜியார் வந்தார், கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒலிபெருக்கி அடங்கியது.

கைதட்டல் அடங்கவில்லை.

எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாவி அசையாமல் கிடந்தது; அதன்மேல் வெள்ளையாகப் பனிப்புகார். அதற்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். பிறகு பெருங்குரலில் "கோல்" என்று கத்தினார்கள். எங்கள் பந்தோ நடுவில் சும்மா கிடந்தது. மின்னல் அணியின் கோல்காப்பாளன் கம்பத்தை விட்டு ஓடிவந்து நடுவரைக் கட்டிப்பிடித்தான். ஹாஜியார் மெல்ல ஓதத் தொடங்கினார்.

"மனே, சத்தம் கேக்குது, சனத்தக் காணல்லயே," என்றார் என்னிடம்.

கோல்காப்பாளன் மண்டூர்க்காரன். கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டவன் நடுவரை விட்டுவிட்டான்.

"அண்ண, இது பேயில்ல. அக்கரையில எங்கட ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் மெட்ச். எங்கட ஆக்கள்தான் கத்துறாங்க."

அவ்வளவுதான். இரண்டு அணிகளும் போட்ட உடுப்போடு பாதையில் ஏறின. (வாவியைக் கடக்கும் படகுக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர்.) நடுவரும் ஏறினார். கடைசியாகச் சாரனைத் தூக்கிப் பிடித்தபடி ஹாஜியார்.

"நீயும் வா மனே. அங்கதான் ஆக்கள் இரிக்கிறாங்க."

நான் போகவில்லை. கதிரைகளுக்கு நடுவே இருட்டும்வரை நின்றேன். அக்கரையில் யாரென்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு கைதட்டலுக்கும் மயிர் கூச்செறிந்தது. அழுகையும் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

திரும்பி வந்த பாதையில், தொண்டை கட்டிப்போய், தலையிடிக்காரியான என் மனைவி இறங்கினாள். மண்டூர் அவள் பிறந்த ஊர். தோற்றுவிட்டார்களாம். அவர்களுடைய நல்ல கோல்காப்பாளனை நான் பாதி ஆட்டம்வரை லீக்குக்குப் பிடித்து வைத்திருந்ததுதான் காரணமாம். அந்தக் கிழமை முழுக்க என்னோடு பேச்சில்லை.

அக்கரை ஆட்டத்துக்கு இப்போது வருடாவருடம் கோப்பை கொடுப்பவர் ஹாஜியார். வீட்டில் நான் ஏதாவது புதுத் திட்டம் சொல்ல வாய் திறந்தால், மனைவி எழும்பிச் சமையலறைக்குள் போய், ஆளைக் காட்டாமல் கை தட்டுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவள்தானா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு.