தாசில்தார் உடும்பு தனக்கே ஆஜராகாத கதை

ஒரு காட்டில், சிங்கம் ராஜாவாக இருந்த காலம் மலையேறிப் போய், கடல் தாண்டி வந்த வெள்ளைக் கரடிகள் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தன. கரடித் துரைக்கு நம் ஊர் வெயில் ஆகாது. பகல் முழுக்க ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி உத்தரவு போடுவார். அந்த உத்தரவுகளை நிறைவேற்றும் பாவமும் புண்ணியமும் தாசில்தார் வேதாசலத்தைச் சேர்ந்தது. வேதாசலம் ஓர் உடும்பு. பிடித்த பிடியை விடமாட்டார் என்று பார்த்துத்தான் துரை அவரை வேலைக்கு எடுத்தார்.

அந்த வருஷம் துரைக்கு ஒரு யோசனை தோன்றியது. காட்டில் இடம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தாசில்தார் விசாரணை நடத்தும் கச்சேரிக்கு வர வேண்டும். கச்சேரிச் சேவகரான டபேதார் அவரவர் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவார். இடத்துக்கு உரியவர் தாசில்தார் முன்னால் வந்து நின்று "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் புறம்போக்கு, அதாவது சர்க்கார் சொத்து.

மருத மரத்தடியில் கச்சேரி கூடியது. டபேதார் வேலை செம்போத்துக்கு. பிறக்கும்போதே செங்காவிச் சட்டையோடு பிறந்த பறவை என்பதால் சர்க்காருக்கு உடுப்புச் செலவு மிச்சம்.

முயல் வழியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டது. வளை போயிற்று. ஆமை எங்கும் நிற்காமல்தான் நடந்தது; ஆனால் அது வந்து சேர்வதற்குள் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். குட்டையும் போயிற்று. முள்ளம்பன்றிக்குக் காய்ச்சல் என்று அதன் மனைவி வந்து நின்றாள்.

"அவரால எந்திரிக்க முடியலைங்க. அவருக்குப் பதிலா நான் ஆஜர்னு சொல்றேன், ஏத்துக்குங்க சாமி."

"உன் பேரையா கூப்பிட்டோம்?" என்று கேட்டார் வேதாசலம். முள்ளம்பன்றியின் குகையும் போயிற்று.

வீட்டிலும் மனுஷர் இப்படித்தான். சாப்பாட்டு நேரத்தில் குட்டிகளை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வராத குட்டியின் முட்டையைத் தாமே விழுங்கிவிடுவார். "இது வீடா, கச்சேரியா?" என்று மனைவி கனகாம்புஜம் கேட்டால், "அதை மனுவா போடு" என்பார். (உடும்பைப் போய் மனுஷர் என்கிறேனே என்று சண்டைக்கு வராதீர்கள். உத்தியோகத்தில் இருப்பவர்களை அப்படித்தான் சொல்ல வேண்டும்.)

அவர்கள் குடியிருந்த புற்று கனகாம்புஜத்தின் அப்பா சீதனமாகக் கொடுத்தது. மாப்பிள்ளை மனம் குளிரட்டும் என்று அவர் பெயரிலேயே கொடுத்துவிட்டார். மழைக்கும் கழுகுக்கும் பயப்படாமல் குட்டிகளை வளர்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு புற்றுதான்.

"இங்க பாருங்க, நாளைக்கு நம்ம புத்து விசாரணைக்கு வருதாமே. கூப்பிட்டதும் ஆஜர்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள்.

"நான் நாற்காலியில உக்காந்திருப்பேனே. நாற்காலியில இருக்கிறவன் எப்படி முன்னால வந்து நிக்கிறது?"

"ஒரு நிமிஷம் இறங்கி நின்னா குறைஞ்சா போயிடும்?"

"நான் இறங்கினா நாற்காலி காலி. காலி நாற்காலி முன்னாடி ஆஜராகி என்ன பிரயோசனம், கனகா?"

கனகாம்புஜம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம் அலைமோதியது. துரையே ஈரம் சொட்டச் சொட்ட வந்து குடைநிழலில் உட்கார்ந்தார். குட்டிகளை இழுத்துக்கொண்டு கனகாம்புஜமும் வந்து நின்றாள்.

"வேதாசலம்!" என்று செம்போத்து முதல் தடவை கூவியது. தாசில்தார் தமது பெயரை முன்பின் கேள்விப்படாதவர் போலக் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டாம் தடவை கூவியபோது அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் தடவைக்குக் கனகாம்புஜம் பொறுக்கவில்லை.

"ஐயோ, உங்களைத்தான் கூப்பிடுறாங்க! இறங்கி வாங்க!"

குட்டிகள் தம்மையே பார்ப்பதை வேதாசலம் பார்த்தார். ஒரு கால் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கியது. பக்கத்தில் துரை தொண்டையைக் கனைத்தார். இறங்கிய கால் திரும்ப ஏறிவிட்டது.

"வேதாசலம் ஆஜராகலை. புத்து புறம்போக்கு" என்றார்.

கூட்டத்தில் ஒரே குதூகலம். முயல் ஆமையைக் கட்டிக்கொண்டது. ஊரான் வீட்டைப் பிடுங்கியவனுக்குப் பகவான் பாடம் புகட்டிவிட்டார் என்று முள்ளம்பன்றியின் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நீங்களும் கதை முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

துரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேதாசலம்! நீர் சொந்த வீடு போச்சு, நம்ம சட்டம் விடலை! நமக்கு ரொம்ப சந்தோஷம்!" என்றார். சர்க்கார் புற்றைச் சும்மா போட்டுவைத்தால் பாம்பு குடியேறிவிடும். ஆகவே அது இனிமேல் தாசில்தாரின் உத்தியோக வாசஸ்தலம் என்று அங்கேயே உத்தரவு போட்டார். அதற்கு வரி கிடையாது. ஒழுகினால் சர்க்காரே அடைத்துக் கொடுக்கும்.

அடைக்கும் வேலைக்கு, இப்போது போக்கிடம் இல்லாமல் சும்மா இருக்கும் முள்ளம்பன்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூலி பேச்சே இல்லை. காய்ச்சல் விட்டும் விடாமலும் அது மண் சுமந்தது.

இதைப் பார்த்த முயலும் ஆமையும் கச்சேரிக்கு ஓடின. ஆமையைப் பொறுத்தவரை அது ஓட்டம்தான். "எங்க இடமும் இப்ப சர்க்கார் இடம்தானுங்களே, எங்களையும் அதுலயே குடிவைங்க எஜமான்" என்றன.

"நீங்க என்ன உத்தியோகம் பார்க்குறீங்க?" என்று செம்போத்து கேட்டது. இரண்டும் வந்த வழியே திரும்பின.

ஒழுகாத புற்றில் அன்று சாப்பாடு தடபுடலாக நடந்தது. கனகாம்புஜம் கணவருக்கு இன்னொரு முட்டை வைத்தாள். முகத்தில் பழைய கோபம் மருந்துக்கும் இல்லை.

"ஏங்க, ஆத்தங்கரையில எங்க அண்ணன் புத்து இருக்கே, இதைவிடப் பெரிசு. அது என்னைக்கு விசாரணைக்கு வருது?"

"வர்ற வெள்ளிக்கிழமை. ஏன்?"

"ஒண்ணுமில்லை. அன்னைக்கு அண்ணனை இங்க விருந்துக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

நீதி: சொந்த வீட்டையே இழக்கும் அளவுக்கு நேர்மையாக இருங்கள், அதற்கு முன் ஓர் உத்தியோகத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.